மல்கியாவுக்கும் மத்தேயுவுக்கும் நடுவே இருந்த கடிதம்

கடிதம் கிடைத்ததும் ஆர்லீன் கிஸ்ட்லர் கத்தவுமில்லை, அழவுமில்லை. பிரசங்க மேடைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எழுபத்தொரு வயது முழங்கால் அவளுக்கு. உட்கார்ந்தால் எழுப்பிவிட ஒரு கை வேண்டும். அந்தக் கை வெளியே டிரக்கில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தது. அவளுடைய தம்பி மெர்வின்.

மூன்று வாரமாக அந்தப் பூட்டிய ஆலயத்தை அவள் தலைகீழாகப் புரட்டியிருந்தாள். சபைப் பதிவேடுகள், பாட்டுப் புத்தகங்கள், நிலவறையில் எலி கடித்த பெட்டிகள் என்று எதையும் விடவில்லை. மேடைமேல் விரித்தே வைத்திருந்த பெரிய பைபிளை மட்டும் எவரும் தொட்டதில்லை, அவளும்தான். அன்றைக்கு வேறு எதுவும் மிச்சமில்லாமல் அதைப் புரட்டினாள். பழைய ஏற்பாடு முடிந்து புதிய ஏற்பாடு தொடங்கும் இடத்தில், மல்கியாவுக்கும் மத்தேயுவுக்கும் நடுவே, பிறப்பு இறப்பு எழுதிவைக்கும் பக்கங்கள் இருக்குமே, அங்கே நான்காக மடித்த பழுப்புக் காகிதம் ஒன்று இருந்தது.

'1861, அக்டோபர் 27. கருவூல அமைச்சர் அவர்களுக்கு. நம் நாணயங்களில் சர்வவல்லவரின் பெயர் இல்லாதது பெருங்குறை. 'தேவனை நம்பியிருக்கிறோம்' என்று அவற்றில் பொறிக்கும்படி தாழ்மையுடன் வேண்டுகிறேன். ஏமஸ் ஸ்ட்ராப், போதகர், கெர்ன் ஹாலோ பாப்டிஸ்ட் சபை.'

கெர்ன் ஹாலோவில் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்த சங்கதிதான் இது. நாடு முழுக்கப் பணத்தில் இருக்கிற வாக்கியத்தை முதலில் கேட்டவர் எங்கள் ஊர்ப் போதகர். யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள் என்று எவரும் கேட்டதில்லை. ஆர்லீனுக்கு அது கேள்விப்பட்டதுகூட இல்லை, கண்ணால் பார்த்தது. நான்கு வயதில் அம்மா மடியில் உட்கார்ந்து, கறுப்பு அங்கியும் நெஞ்சுவரை தாடியுமாக ஒரு போதகர் இதே மேடையில் நின்று அந்தக் கடிதத்தை வாசித்ததைப் பார்த்திருக்கிறாள். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது அந்தக் கடிதம் எதற்கு என்று கேட்டால், டாரிலுக்காக.

ஆலயத்துக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம். அங்கே மூன்றாவது வரிசையில் அவள் ஒரே மகன் படுத்திருக்கிறான். பத்தொன்பது வயதில், கைவிட்ட பலகைக்கல் குவாரித் தண்ணீரில் குளிக்கப் போனவன். மூன்றாம் நாள்தான் எடுத்தார்கள். எடுக்கும்போது அவள் கரையில் நின்றாள். கொக்கி, கயிறு, படகில் இருந்தவர்களின் சத்தம் எல்லாவற்றையும் பார்த்தாள். அது நடந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது.

சபையில் ஆள் குறைந்து ஆலயத்தைப் பூட்டி இரண்டு வருஷம். மேலிடம் நிலத்தை விற்க முடிவு செய்துவிட்டது. சுற்றிலும் சோளக்கொல்லையெல்லாம் சரக்குக் கிடங்காகிவிட்ட ஊரில், இதை வாங்க வந்ததும் ஒரு கிடங்குக் கம்பெனிதான். நாற்பத்தொரு கல்லறைகளையும் 'மரியாதையுடன்' எட்டு மைல் தள்ளி ஒரு புதிய நினைவுப் பூங்காவுக்கு மாற்றித் தருவதாகக் கடிதம் வந்தது. நாற்பது குடும்பங்கள் கையெழுத்துப் போட்டன. ஆர்லீன் போடவில்லை. ஒருமுறை அவனை வெளியே எடுத்ததைப் பார்த்தாயிற்று. இன்னொரு முறை அவளால் ஆகாது.

மாவட்டத்தில் பழைய இடங்களைக் காக்க ஒரு குழு இருந்தது. அங்கே போன் எடுத்த பெண், "பேப்பர் ஏதாவது இருந்தா விசாரணைக்குக் கொண்டாங்கம்மா, பாக்கலாம்" என்றாள். அந்தப் 'பாக்கலாம்' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஆர்லீன் மூன்று வாரம் தூசி தின்றாள். விசாரணைக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.

மெர்வின் உள்ளே வந்து கடிதத்தைப் படித்தான். தொப்பியைக் கழற்றினான்.

"லீனி, இது நெசமாவே இருக்கா! நான் சும்மா ஊர்ப் பெருமைன்னுல்ல நெனச்சேன்."

"வாயப் பொளக்காத. கையக் குடு, எந்திரிக்கணும்."

அந்த வாரமே உள்ளூர்ப் பத்திரிகையில் கடிதத்தின் படம் வந்தது. இரண்டு வருஷமாக ஆலயப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள்கூட ஆர்லீன் வீட்டுக்கு ஆப்பிள் பை சுட்டுத் தட்டில் கொண்டுவந்தார்கள். எதிர்வீட்டு எட்னா மோயர் மட்டும் மூன்று முறை வந்தாள். கையெழுத்துப் போட்ட நாற்பது பேரில் அவளும் ஒருத்தி. அவளுடைய கணவன், டாரிலின் கல்லறைக்கு நான்கு கல்லறை தள்ளிப் படுத்திருந்தான்.

"நீ ஜெயிச்சுட்டா என் கையெழுத்தயும் கிழிச்சுப் போட்ருவேன், ஆர்லீன்" என்றாள் எட்னா. "எனக்கு மட்டும் ஆசையா என்ன?"

இன்னும் உறுதியாக ஏதாவது வேண்டும் என்று ஆர்லீன் நூலகத்துக்குப் போனாள். பள்ளிக்கூட உணவகத்தில் முப்பது வருஷம் கரண்டி பிடித்த கை அது. தடித்த புத்தகத்தைப் பிரித்ததும் கொஞ்சம் வியர்த்தது. விரலை வரிக்கு வரி நகர்த்திப் படித்தாள்.

உள்நாட்டுப் போரின் முதல் வருஷம், 1861 நவம்பரில், பென்சில்வேனியாவின் இன்னொரு ஊர்ப் போதகர் கருவூல அமைச்சருக்கு எழுதியிருக்கிறார், நாணயத்தில் கடவுள் பெயர் வேண்டுமென்று. நம்மவர் கடிதம் அதற்கு முந்தியது! அடுத்த பக்கம் திருப்பினாள். அந்தப் போதகர் கேட்ட வாசகம் வேறு. 'தேவன், சுதந்திரம், சட்டம்' என்று கேட்டிருக்கிறார். பிறகு நாணயச்சாலையில் வேறு வேறு வாசகங்களை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 'எங்கள் தேசம், எங்கள் தேவன்' என்று ஒன்று. 'தேவனே எங்கள் நம்பிக்கை' என்று ஒன்று. கடைசியில் 1863 டிசம்பரில் அமைச்சரே அதைத் திருத்தி, இன்றைக்கு இருக்கிற வாசகமாக ஆக்கினார். மறுவருஷம் இரண்டு சென்ட் நாணயத்தில் அது முதல்முதலாக வந்தது.

அவள் அந்த வரியை மறுபடி படித்தாள். மறுபடியும் படித்தாள்.

இரண்டு வருஷம் தேடித் திருத்தி அமைச்சர் கண்டுபிடித்த வாசகம், கெர்ன் ஹாலோ போதகரின் கடிதத்தில் முன்கூட்டியே எழுத்துக்கு எழுத்து எப்படி வந்து உட்கார்ந்தது?

'நம் போதகர் இதன் நகலை அனுப்பியிருக்கலாம், அமைச்சர் அதிலிருந்து எடுத்திருக்கலாம்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவளுக்கே அது நம்பும்படியாக இல்லை. சபையின் பழைய சங்கதி தெரிந்தவர் ஒரே ஒருத்தர்தான் உயிரோடு இருந்தார். வெர்னா டீட்ரிக். ஆர்லீனுக்கு ஞாயிறுப் பள்ளி ஆசிரியை, தொண்ணூற்றொரு வயது, முதியோர் இல்லத்தில் இருந்தார்.

மறுநாள் மதியம் போனபோது வெர்னா சக்கர நாற்காலியில் ஜவ்வரிசிப் புட்டிங்கைக் கரண்டியால் குத்திக்கொண்டிருந்தார்.

"இத தின்னு பாரு. சுவத்துக்குப் பூசற பசை மாதிரி இருக்கு" என்றார். "நீ ஹெஃப்னர் வீட்டுப் பொண்ணுதான? சின்னவ?"

"ஆமா மிஸஸ் டீட்ரிக். ஆர்லீன். ஒண்ணு காட்டணும் உங்களுக்கு."

பிளாஸ்டிக் உறையில் இருந்த கடிதத்தை மடியில் வைத்தாள். கிழவி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பார்த்தார். முகம் மலர்ந்தது. ஐம்பது வயது உதிர்ந்த மாதிரி இருந்தது.

"அட! இது எங்க கெடச்சுது? தொலஞ்சு போச்சுன்னுல்ல நெனச்சேன்!"

"உங்களுக்குத் தெரியுமா இது?"

"தெரியுமாவா? எழுதினதே நான்தான்டீ."

ஆர்லீன் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அம்பத்தேழுல. சபைக்கு நூறு வருஷம். பெரிய விழா. அந்த வருஷம்தான் காகித நோட்டுலயும் புதுசா அந்த வாக்கியம் போட்டாங்க, பேப்பர் பூரா அதே பேச்சு. பென்சில்வேனியா போதகர் ஒருத்தர் எழுதித்தான் இது வந்துச்சுன்னு படிச்சேன். ஏன், நம்ம ஸ்ட்ராப் போதகரும் எழுதியிருக்கக் கூடாதான்னு தோணிச்சு. நாடகத்துக்குக் கதை வேணுமே! ராத்திரி சமயக்கட்டுல உக்காந்து எழுதி, டீத் தண்ணியில ஊற வெச்சு, அடுப்புல காய வெச்சேன். ஒரு ஓரம் கருகிப்போச்சு, பாரு. அதுதான் இன்னும் அழகு." விரலால் அந்தக் கருகிய ஓரத்தைத் தடவினார். "அடுத்த வருஷமும் போடலாம்னு பைபிள்ல பத்திரமா வெச்சேன். அங்கதான யாரும் கை வெக்க மாட்டாங்க. அப்புறம் எங்க வெச்சேன்னு எனக்கே மறந்துபோச்சு."

"நான் பாத்தேனே" என்றாள் ஆர்லீன். "போதகர் மேடையில நின்னு வாசிச்சாரே. தாடி வெச்சுக்கிட்டு."

வெர்னா தோள் குலுங்கச் சிரித்தார்.

"போதகரா? அது உங்கப்பன்டீ! விழா வருஷம் ஊர் ஆம்பளைங்க எல்லாம் தாடி வளக்கணும்னு சட்டம். வளக்காதவன நடுத்தெருவுல மரக்கூண்டுல அடச்சு வெச்சு வேடிக்கை பாப்பாங்க. உங்கப்பனுக்குத்தான் நெஞ்சு வரைக்கும் தாடி, அதனால அவனுக்கு வேஷம் குடுத்தோம். அரிப்பு தாங்கலன்னு ஒத்திகை முழுக்கச் சொறிஞ்சுக்கிட்டே இருந்தான். உங்கம்மா, தாடி போற வரைக்கும் கிட்ட வராதேன்னுட்டா."

அவளும், எட்னாவும், மெர்வினும், அந்த வருஷம் மடியில் உட்கார்ந்து பார்த்த அத்தனை பிள்ளைகளும் வளர்ந்து தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி, அதுகள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி, ஒரு நாடகம் ஊரின் சரித்திரமாகியிருந்தது.

அவள் எதற்காக வந்தாள் என்பதைச் சொல்லச் சொல்ல, வெர்னாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. டாரிலுக்கும் அவர்தான் ஞாயிறுப் பள்ளி எடுத்தவர். புட்டிங் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"யாருக்குத் தெரியும் இது?"

"உங்களுக்கும் எனக்கும்."

"நான் ஈஸ்டர் வரைக்கும் தாங்க மாட்டேன். போ. போதகர் எழுதினதுன்னே சொல்லு. கர்த்தர் கேட்டா, எம்மேல போடு."

டிரக்கில் ஏறியதும் மெர்வினிடம் சொன்னாள். அவன் இன்ஜினை அணைத்துவிட்டான்.

"லீனி, கேளு. பொய்தான். ஆனா யாருக்கு நஷ்டம்? ஒரு கிடங்கு இல்லாமப் போனா ஊரு செத்தா போயிடும்?"

"என்னிக்காவது கண்டுபிடிப்பாங்க."

"கண்டுபிடிக்கட்டும். அதுவரைக்கும் அவன் தூங்குவான்ல?"

அடுத்த நான்கு நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கடிதத்தை மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள். கருகிய ஓரம் கண்ணைக் குத்தும். ஜெபம் பண்ண மண்டியிட்டால், எதைக் கேட்பது என்று தெரியாமல் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவாள். பொய் ஜெயிக்க வேண்டுமென்று கர்த்தரிடமே எப்படிக் கேட்பது?

புதன்கிழமை காலை பத்து மணிக்கு நகர மன்றத்தில் விசாரணை. ஊரே வந்திருந்தது. குழுத் தலைவி கார்லா ரைமர்ட் நல்ல மாதிரிப் பெண். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு கடிதத்தைக் குழந்தையை வாங்குவது போல வாங்கினாள்.

"இது எங்க இருந்துச்சு, மிஸஸ் கிஸ்ட்லர்?"

"மேடை பைபிள்ல. மல்கியாவுக்கும் மத்தேயுவுக்கும் நடுவுல."

இதுவரை உண்மை.

"உங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும் இது போதகர் ஸ்ட்ராப் எழுதினதுதானா?"

கொக்கியும் கயிறும் படகும் கண்முன் வந்தன. ஆர்லீன் வாயைத் திறந்தாள்.

"ஆமா."

எல்லாரும் கை தட்டினார்கள். பின்வரிசையில் எட்னா மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. கம்பெனி வக்கீல் எழுந்தான். மெலிந்த இளைஞன். கையில் புத்தகம் எதுவுமில்லை. எதிர்க்கத் தயாராகவே வரவில்லை அவன். சிரித்தான்.

"எங்களுக்கு ரொம்பப் பெருமை. கிடங்கு வாசல்ல, எங்க செலவுலயே ஒரு பித்தளைப் பலகை வெக்கறோம். கடிதத்தோட நகலையும் உள்ள கண்ணாடி போட்டு மாட்டறோம். வேலைக்கு வர்றவங்க எல்லாரும் பாக்கட்டும்."

குழுத் தலைவி தலையசைத்தாள். பக்கத்தில் இருந்த இருவரும் தலையசைத்தார்கள். "அப்ப பலகைக்கு ஒருமனதா அனுமதி" என்றாள்.

"கிடங்கு வாசல்லயா?" என்றாள் ஆர்லீன். "அப்ப கல்லறை?"

"அது எங்க கையில இல்லைங்களே." கார்லாவின் முகம் உண்மையிலேயே வாடியது. "நாங்க பலகைதான் வெக்க முடியும். நிலத்த நிறுத்தற அதிகாரம் இந்தக் குழுவுக்குக் கிடையாது. போன்ல சொல்லியிருப்பாங்களே?"

'பாக்கலாம்' என்றுதான் சொன்னார்கள். அதற்குமேல் இவள் கேட்கவில்லை. கேட்டால் 'இல்லை' என்று வந்துவிடுமோ என்ற பயத்தில் கேட்கவேயில்லை.

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட்டத்தில் யாரோ பலகையின் அளவு பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்கள். அப்படியே போய் உட்கார்ந்திருக்கலாம். ஊருக்குப் பலகை கிடைத்திருக்கும், பெருமையும் மிஞ்சியிருக்கும். ஆனால் டாரிலைத் தோண்டி எடுத்த மண்ணின்மேல், அவனுக்காக அவள் சொன்ன பொய்யைப் பித்தளையில் எழுதி நிறுத்தப் போகிறார்கள்.

"அது பொய்" என்றாள்.

யாருக்கும் காதில் விழவில்லை. உணவகத்தில் நானூறு பிள்ளைகளை அடக்கிய குரலை எடுத்தாள்.

"அது பொய்யின்னேன்! போதகர் எழுதல. அம்பத்தேழுல நாடகத்துக்கு எழுதினது. டீத் தண்ணியில ஊற வெச்ச காகிதம். மேடையில வாசிச்சது எங்கப்பா. நாம சின்னப் பிள்ளைங்க, நெசம்னு நெனச்சுட்டோம். எனக்கு நாலு நாளா தெரியும். தெரிஞ்சுதான் ஆமான்னு சொன்னேன்."

பின்னாலிருந்து எட்னாவின் குரல் வந்தது. "ஆர்லீன், வாய மூடிக்கிட்டு உக்காரு! பலகையாவது வரட்டும்!"

"எதுக்குப் பலகை, எட்னா? உன் புருஷன் படுத்திருந்த எடத்துல லாரி திரும்பறதுக்கு அடையாளமா?"

கையுறை போட்ட கை கடிதத்தை மெதுவாக மேஜைமேல் வைத்தது. வக்கீல் தரையைப் பார்த்தான். ஆர்லீன் அவனிடம் திரும்பினாள். அவனுக்கு முப்பதுகூட இருக்காது.

"உங்க பேப்பர்ல நான் கையெழுத்துப் போடலேன்னா கோர்ட்டுக்குப் போய் எடுத்துருவீங்க. அப்படித்தானே?"

"ஆமாம்மா" என்றான் மிகச் சின்னக் குரலில்.

"அப்ப நானே போட்டுத் தர்றேன். ஒண்ணு எழுதிக்க. எடுக்கும்போது நான் அங்க நிப்பேன். கார்ல போய் உக்காருன்னு யாரும் சொல்லக் கூடாது."

அவன் எழுதிக்கொண்டான்.

அதற்குப் பிறகு ஊரில் ஒருத்தரும் அவளோடு பேசவில்லை. பலகையைக் கெடுத்தவள், ஊர் பெயரைக் கெடுத்தவள். ஆப்பிள் பை வந்த தட்டுகளை வாசலில் கழுவி வைத்தாள். உடைமைக்காரர்கள் கதவைத் தட்டாமல் எடுத்துக்கொண்டு போனார்கள். எட்னா தன் தட்டைக்கூட எடுக்க வரவில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு நாள், பனி இன்னும் முழுக்க உருகாத காலையில், டாரிலை எடுத்தார்கள். அவள் நின்றாள். மெர்வின் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஆட்கள் நல்லவர்கள். நிதானமாகத்தான் செய்தார்கள். என்ன பார்த்தாள் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. நாமும் கேட்க வேண்டாம்.

எட்டு மைல் தள்ளிப் புதிய பூங்காவில் குழி தயாராக இருந்தது. புல், ஒரே அளவுக் கற்கள், ஓரத்தில் கார் நிறுத்துமிடம். அன்று மாற்றிய மற்றக் குடும்பத்தாரும் ஆங்காங்கே குடையோடு நின்றார்கள். எட்னாவும் தன் கணவனுக்கான குழியருகே நின்றாள். ஆர்லீன் குழியைப் பார்த்தாள், பிறகு சூரியனைத் தேடினாள்.

"கால் எந்தப் பக்கம் வரும்?"

மேஸ்திரி வரைபடத்தைப் பார்த்தான். "ரோட்டுப் பக்கங்க. எல்லா வரிசையும் ரோட்டப் பாத்துதான்."

"அது தெற்கு. கெர்ன் ஹாலோவுல எல்லாரும் கிழக்கப் பாத்துப் படுத்திருந்தாங்க. கர்த்தர் வர்ற அன்னிக்கு எந்திரிச்சா, அவரப் பாக்கணும். ரோட்டப் பாக்கக் கூடாது."

"பிளான் அப்படிங்கம்மா. ஒண்ண மட்டும் குறுக்க வெட்டினா வரிசை கெட்டுப்போகும்."

"கெடட்டும்."

"மேல கேக்காம என்னால முடியாதுங்க."

"கேளு. நான் இருக்கேன்."

சொல்லிவிட்டு, மெர்வின் தடுக்கும் முன்னால், ஈரப் புல்லில் கையூன்றி மெல்ல இறங்கிக் குழியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு காலும் உள்ளே தொங்கின. எழுந்திருக்க ஒரு கை வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கையை அவள் கேட்கப் போவதில்லை. மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு போனை எடுத்தான். யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தான்.

புல்லில் செருப்புச் சத்தம் கேட்டது. ஆர்லீன் திரும்பிப் பார்க்கவில்லை. குடையை மடக்கும் சத்தமும் அதன் பின்னால் முனகலும் கேட்டன.

"நகரு" என்றாள் எட்னா. "எனக்கும் முட்டி வலிதான்."

ஆர்லீன் நகர்ந்தாள். எட்னா அவளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டுக்கொண்டாள்.

"யோவ் மேஸ்திரி" என்றாள் அந்தப் பக்கம் பார்த்து, "போன்ல சொல்லும்போது ஒண்ணுன்னு சொல்லாத. ரெண்டுன்னு சொல்லு."